பெரட்டுக் களத்துல இருந்து செயலி வரைக்கும்: நம்ம கூட்டு வேலையோட கணக்கு

 

இந்த வருஷத் திருவிழா வேலைகளை நோட்டுப் புத்தகத்துல எழுதாம, கைப்பேசிச் செயலியில போட்டு நடத்தலாம்னு இளைஞர் அணி கேட்டதும் செயலவையில நல்ல விவாதம் நடந்தது. பந்தல், வாழைமரம், பால்குடப் பதிவு, தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், மின்விளக்கு, கார் நிறுத்துமிடம், குப்பை அள்ளுறதுன்னு எண்ணிப் பார்த்தா நூறு வேலைக்கு மேல வருது. செயலியில முப்பது வேலையை ஒரே நேரத்துல தேர்வு செஞ்சு தேதியை மாத்தலாம், ஆளை மாத்தலாம், முடிஞ்சதுன்னு மூடலாம், வேணாம்னா மொத்தமா அழிக்கலாம். வசதிதான். ஆனா தோட்டத்துல வளர்ந்த பெரியவங்க சிலர், “இது பெரட்டு மாதிரில்ல இருக்கு”ன்னு சொன்னாங்க.

இன்றைய பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொல் தெரியாது. தெரிஞ்சவங்களுக்கு அதைக் கேட்டாலே விடியற்காலைக் குளிர் ஞாபகம் வரும். நிறைய வேலையை நிறைய பேருக்கு ஒரே மூச்சுல பங்கு போடுற கலை நம்ம வட்டாரத்துக்குப் புதுசு இல்ல. கோல சிலாங்கூர்லயும் வட சிலாங்கூர்த் தோட்டங்கள்லயும் நூறு வருஷத்துக்கு மேல அது நடந்திருக்கு. எப்படி நடந்தது, யாருக்கு நன்மையா இருந்தது, அதுல நாம எதை எடுத்துக்கணும், எதை விடணும்னு எங்க குழு படிச்சும் பெரியவங்ககிட்டக் கேட்டும் தெரிஞ்சுகிட்டதை இங்க பகிர்ந்துக்கிறோம்.

பெரட்டு

பெரட்டுன்னா ‘பரேட்’ங்கிற ஆங்கிலச் சொல் நம்ம வாயில வந்து நின்ன வடிவம். விடியறதுக்கு முன்னாடியே மணி அடிக்கும். லயத்து வீடுகள்ல அடுப்பு எரியும். இருட்டுலயே எல்லாரும் பெரட்டுக் களத்துல வரிசையா நிக்கணும். கிராணி பேர் கூப்பிடுவார், நாம குரல் கொடுப்போம். யாருக்கு எந்த நிரை, யாருக்குப் புல் வெட்டு, யாருக்குக் கால்வாய் வேலைன்னு சில நிமிஷத்துல நூறு, இருநூறு பேருக்கு வேலை பிரிச்சுக் கொடுத்து முடிஞ்சிடும்.

அவ்வளவு அதிகாலையில ஏன்? ரப்பர் மரத்துல பால் குளிர்ச்சி இருக்கும்போதுதான் நல்லா ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். வெட்டின பாலைச் சேகரிச்சு, உறைஞ்சு போறதுக்குள்ள ஸ்டோருக்குக் கொண்டு போகணும். வெட்டு தாமதமானா சேகரிப்பு தாமதம், சேகரிப்பு தாமதமானா ஸ்டோர்ல வேலை தாமதம். ஒரு வேலையோட வால்ல அடுத்த வேலையோட தலை கட்டப்பட்டிருந்தது.

நம்ம கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கு இதுல தனி இடம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துல உள்ள தென்னமரம் தோட்டத்துலதான் 1917-ல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். காப்பி அங்கே சரிப்பட்டு வராததால செம்பனைக்கு மாறினார். பின்னாளில் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. தோட்டத்தின் பேரைச் சொல்லிப் பாருங்க, தமிழ் தானா வரும். செம்பனையிலயும் அதே சங்கிலிதான். வெட்டின குலையை 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குக் கொண்டு போகாட்டா எண்ணெயின் தரம் கெடும். குலை வெட்டுறவர், உதிர்ந்த பழம் பொறுக்குறவர், லாரிக்காரர், ஆலைக்காரர் எல்லாரும் ஒரே கயிற்றுல கட்டப்பட்டவங்க.

செக்ரோல்

பெரட்டுக்கு மூளை செக்ரோல் புத்தகம். இடது பக்கம் பேர். வலது பக்கம் ஒண்ணுல இருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் கட்டம். முழு நாள், அரை நாள், வரலைன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு குறி. மாசக் கடைசியில குறுக்கே கூட்டினா சம்பளம் வந்திடும். மேல இருந்து கீழே கூட்டினா அன்னைக்கு எத்தனை ஆள்னு துரைக்குத் தெரிஞ்சிடும். இன்னைக்குச் செயலி காட்டுற அட்டவணையும் இதே அமைப்புதான். ஆள் ஒரு பக்கம், நாள் ஒரு பக்கம், நடுவுல வேலை.

மொத்தமா மாத்துறதும் அப்பவே உண்டு. விடியற்காலையில மழை கொட்டினா மரப்பட்டை நனைஞ்சு பால் வழிஞ்சு வீணாப் போகும். அன்னைக்குப் பால்வெட்டு கிடையாது. ஒரே வார்த்தையில நூறு பேரோட வேலை மாறும். வேற வேலை கொடுத்தா உண்டு, இல்லன்னா வீடு. ஆனா அந்த வார்த்தையைச் சொல்றவர் ஒருத்தர். அன்னைக்குச் சம்பளம் உண்டா இல்லையான்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறவங்க நூறு பேர். பின்னாளில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தோட்டத் தொழிலாளிக்கு மாசத்துக்குக் குறைஞ்சது 24 நாள் வேலை கொடுக்கணும்னு முதலாளியைக் கட்டிப் போட்டது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதுன்னாலே, அது இல்லாத காலம் எப்படி இருந்திருக்கும்னு நாம ஊகிச்சுக்கலாம்.

பட்டியல் யார் கையில?

செக்ரோல் திறமையான கருவி. அதை மறுக்க முடியாது. குறை எங்கேன்னா, அந்தப் புத்தகத்தைப் பார்க்கிற உரிமை பேர் எழுதப்பட்டவங்களுக்கு இல்ல. தன் கட்டத்துல என்ன குறி விழுந்திருக்குன்னு தொழிலாளிக்குச் சம்பள நாள்லதான் தெரியும். அன்னைக்குத் தகராறு வந்தா யார் பேச்சு எடுபடும்?

கங்காணி முறை இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்ட பிறகு ஆள் சேர்ப்பு பெரும்பாலும் கங்காணி வழியாகவே நடந்தது. 1938-ல் இந்திய அரசு தடுக்கும் வரைக்கும் அது தொடர்ந்தது. வேலைக்கு வந்து நின்ன ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குச் சில காசு கிடைக்கும். தலைக்காசுன்னு பேர். எத்தனை தலை வரிசையில நிக்குதோ அத்தனை காசு. காய்ச்சல்ல கிடந்தவரையும் எழுப்பி நிறுத்தினாங்கன்னு நம்ம குடும்பங்கள்ல சொல்ற கதைகளுக்குப் பின்னால இந்தக் கணக்கும் இருக்கு. எண்ணிக்கைக்குப் பரிசு வச்சா, எண்ணிக்கைதான் வளரும்; ஆள் எப்படி இருக்கான்னு யாரும் பார்க்க மாட்டாங்க.

1941-ல் அந்த வரிசை ஒரு தடவை மொத்தமா உடைஞ்சது. கிள்ளான் வட்டாரத்துல தொடங்கிச் சிலாங்கூர் முழுக்கப் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் அது. ஆர். எச். நாதன் அதன் முக்கியத் தலைவர். கூலி உயர்வு மட்டும் கேட்கல. பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம், வைத்திய வசதி, கள்ளுக்கடையை மூடணும், பெண்களிடம் அத்துமீறக் கூடாது, துரையைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும்ங்கிற வழக்கம் ஒழியணும்னு கேட்டாங்க. நாதனைக் கைது செஞ்சு இந்தியாவுக்கு அனுப்பினாங்க. சிலாங்கூர்ல அவசரநிலை வந்தது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டுல தொழிலாளர்கள் இறந்தாங்க. அந்தக் கோரிக்கைகளைப் படிச்சுப் பார்த்தா, பட்டியல்ல ஒரு வரியா மட்டும் எங்களைப் பார்க்காதீங்கன்னுதான் மொத்தத்துல சொல்லியிருக்காங்க.

அதுக்கு அடுத்த வருஷமே அதைவிடக் கொடுமை வந்தது. 1942-43-ல் ஜப்பானியர்கள் சயாம் - பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்கள்ல இருந்து தமிழர்களைக் கூட்டங் கூட்டமா ஏத்திக்கொண்டு போனாங்க. போனவர்ல ஆயிரக்கணக்கானவங்க திரும்பல. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்துல சுமார் 7000 போர்க் கைதிகளுக்கு வரிசையா கல்லறைகள் இருக்கு. பெரும்பாலானவற்றுல பேர் பொறிச்சிருக்கு. அதே பாதையில செத்த நம்மாளுங்களுக்கு அப்படிப் பேர் பேரா கல் கிடையாது. கைதிகளுக்குப் பேர்ப் பட்டியல் இருந்தது. நம்மவங்க பலர் எண்ணிக்கையாப் போனாங்க, எண்ணிக்கையாவே மறைஞ்சாங்க. பேர் எழுதி வைக்கிறதை நாங்க ஏன் இவ்வளவு பெரிசா நினைக்கிறோம்னா, இதுதான் காரணம்.

அதே ஜனங்க, வேற பட்டியல்

இப்போ கோயில் பக்கம் வருவோம். தோட்டம் திறந்த இடத்துல எல்லாம் ஒரு மாரியம்மனோ காளியம்மனோ முனீஸ்வரரோ வந்து உட்கார்ந்தாங்க. பல தோட்டங்கள்ல கோயில் வரியை ஆபீஸ்லயே சம்பளத்துல பிடிச்சுக் கோயிலுக்குக் கொடுப்பாங்க. அப்படின்னா அதே செக்ரோல்தான் அம்மனுக்கும் கணக்குப் புத்தகம்!

ஆனா திருவிழா வேலையைப் பங்கு போட்ட விதம் வேற. பால்வெட்டுக்காரங்க உபயம், ஸ்டோர்க்காரங்க உபயம், கிராணிமார் உபயம், லாரிக்காரங்க உபயம்னு ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்துக்கு. அந்த நாளோட பூவும் பூஜையும் சாப்பாடும் மேளமும் அவங்க பொறுப்பு. எப்படிச் செய்யணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. நல்லா அமைஞ்சா அவங்களுக்குப் பேர், குறைஞ்சா ஊரே சொல்லும். காலையில பெரட்டுல தலை குனிஞ்சு நின்ன மனுஷன், சாயந்திரம் தன் உபயத்துல தலை நிமிர்ந்து நின்னார். வேலை ரெண்டும் வேலைதான். ஒண்ணு அவர் மேல சுமத்தினது, இன்னொண்ணுல அவருக்குப் பங்கு இருந்தது.

கோயில் பட்டியல் குறையே இல்லாததுன்னு நாங்க சொல்ல வரல. முதல் மரியாதை யாருக்கு, சாமியை யார் தூக்கணும்ங்கிறதுல சாதி பார்த்ததும் அதனால சண்டை வந்ததும் உண்டு. விடிய விடிய அடுப்படியில நின்ன பெண்கள் பேர் எந்த உபயப் பட்டியல்லயும் வந்ததில்ல. அழைப்பிதழ்ல ஆண்கள் பேர், அண்டாவுக்குப் பக்கத்துல பெண்கள்! அதையும் சேர்த்துத்தான் பாடம் படிக்கணும்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு பட்டியல்

இந்தப் பங்குங்கிற சொல் நம்ம கோயில்களுக்கு மிகப் பழையது. 1010-ல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்ல ராஜராஜ சோழன் ஒரு நீண்ட கல்வெட்டு வெட்டி வச்சிருக்கான். கோயில் பணிக்காக வெவ்வேறு ஊர்க் கோயில்கள்ல இருந்து கொண்டு வந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பேர் அதுல இருக்கு. எந்த ஊர்க் கோயில்ல இருந்து வந்தவங்க, எந்தத் தெரு, எந்த வரிசை, எத்தனையாவது வீடுன்னு ஒவ்வொருத்தருக்கும் எழுதியிருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். அவங்களோட நட்டுவர், மேளக்காரர், கணக்கர், தையற்காரர், தச்சர், சலவைக்காரர்னு பலரும் பட்டியல்ல உண்டு.

எங்களை அசர வச்சது அதுல இருக்கிற ஒரு ஏற்பாடு. பங்கு பெற்றவர் இறந்துட்டாலோ வெளிதேசம் போயிட்டாலோ, நெருங்கிய உறவினர் அந்தப் பங்கை வாங்கிப் பணியைச் செய்யணும். உறவினருக்கு அந்தத் திறமை இல்லன்னா, திறமை உள்ள ஒருத்தரை அவரே தேர்ந்தெடுத்து அமர்த்தணும். பேர், இடம், பங்கு, மாற்று ஆள், நாலும் ஒரே பட்டியல்ல! அதுவும் யார் வேணா வந்து பார்க்கிற மாதிரி கோயில் சுவர்ல.

ராஜராஜன் காலம் எல்லாருக்கும் சமமா இருந்ததுன்னு சொல்ல முடியாது. அந்தப் பெண்கள் விரும்பித்தான் தஞ்சைக்கு வந்தாங்களான்னு கல்வெட்டு பேசல. ஆனாலும் பட்டியல் எழுதுற முறையா மட்டும் பார்த்தா, செக்ரோலை விட அது முழுமையானது.

வெளி உலகத்துல

உலகமும் இதே கேள்வியோடதான் மல்லுக்கட்டியிருக்கு. தென்னமரத்துல செம்பனை நட்ட அதே 1910-களில், அமெரிக்காவுல ஹென்றி கான்ட் என்ற பொறியாளர், நாட்காட்டி மேல வேலைகளைக் கோடு கோடா போட்டுக் காட்டுற அட்டவணையைப் பரவலாக்கினார். இன்னைக்கும் அது அவர் பேர்லயே கான்ட் அட்டவணைன்னு வழங்குது. 1957-ல் டூபான்ட் நிறுவனத்துக்காக ஒரு கணக்கு முறை உருவாச்சு. ஒண்ணை முடிச்சாத்தான் அடுத்ததைத் தொடங்க முடியும்ங்கிற வேலைகளைச் சங்கிலியாக் கோத்து, எது மிக நீளமான சங்கிலின்னு பார்க்கணும். அதுல ஒரு நாள் தவறினா மொத்த வேலையும் ஒரு நாள் தள்ளிப் போகும். அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு இதே மாதிரி ஒரு முறையைக் கொண்டு வந்தது. 1984-ல் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் மென்பொருள் வந்தது. 2011-ல் ட்ரெல்லோ வந்ததும் இந்த வித்தை கைப்பேசி வச்சிருக்கிற எல்லாருக்கும் எட்டிடுச்சு.

கும்பாபிஷேகம் பார்த்தவங்களுக்கு இந்தச் சங்கிலி புதுசு இல்ல. பாலாலயம் செய்யாம திருப்பணியைத் தொடங்க முடியாது. திருப்பணி முடியாம யாகசாலை இல்ல. யாகசாலைப் பூஜை நிறைவேறாம கலசத்துல தீர்த்தம் ஊத்த முடியாது. அதுக்கப்புறம் 48 நாள் மண்டலாபிஷேகம். நம்ம சிவாச்சாரியார்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். செயலி செய்யறது என்னன்னா, அவங்க மனசுல இருக்கிற வரிசையை நம்ம எல்லார் கண்ணுக்கும் காட்டுறது. விமான வண்ணம் பத்து நாள் தாமதமானா, அதைச் சார்ந்த எல்லா வேலையையும் தேர்வு செஞ்சு ஒரே தட்டுல பத்து நாள் தள்ளிடலாம். முகூர்த்தத்தைத் தொடுதான்னும் உடனே தெரியும். நோட்டுப் புத்தகத்துல அடிச்சு அடிச்சுத் திருத்தினவங்களுக்குத்தான் இந்த அருமை புரியும்.

இப்போ ஏன் இது முக்கியம்?

தோட்டம் இருந்தப்ப பட்டியல் தொலைஞ்சாலும் ஆள் தொலையல. மணி அடிச்சா லயமே வந்து நிக்கும். இன்னைக்கு லயம் இல்ல. செம்பனைக்கு நடுவுல கோயில் மட்டும் நிக்கிற இடங்கள் உண்டு. கோயிலும் இடம் மாறிப் போன தோட்டங்களும் உண்டு. நம்ம ஜனங்க பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புஞ்சாக் ஆலம், ரவாங், சுங்கை பூலோ, கிள்ளான்னு சிதறிட்டாங்க. பத்தாங் பெர்ஜுந்தைங்கிற பேரே 2007-ல் பெஸ்தாரி ஜெயான்னு மாறிடுச்சு. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருஷம் போராடினாங்கன்னு இந்த வட்டாரத்துல எல்லாருக்கும் தெரியும். தோட்டம் கைமாறும்போது ஆபீஸோட செக்ரோலும் போயிடுது. மூணு தலைமுறை வேர்வை சிந்தினதுக்குச் சாட்சியா பல குடும்பங்கள்கிட்ட ஒரு தாளும் இல்ல.

இந்த நிலையில வருஷத்துக்கு ஒரு தடவை அவங்களை மறுபடி ஒரே இடத்துல சேர்க்கிறது திருவிழாதான். அதனால கோயிலோட வேலைப் பட்டியலை நாங்க வெறும் வேலைப் பட்டியலா பார்க்கல. அந்தத் தோட்டத்து ஜனங்க யார் யாருன்னு சொல்ற கடைசிப் பதிவேடா கூட அது இருக்கலாம். அதுல ஒரு பேரைத் தெரியாம அழிச்சிட்டா, அந்தக் குடும்பத்தைக் கூப்பிட அடுத்த வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மூணு வருஷம் கூப்பிடலன்னா அவங்களும் வர மாட்டாங்க. மொத்தமா அழிக்கிற அந்தப் பொத்தானைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம்.

நாங்க எடுத்த முடிவு

செயலி வேணும்னே முடிவு பண்ணியிருக்கோம். கூடவே சில விதிகளையும் வச்சுக்கிட்டோம்.

முதலாவது, கேட்காம யார் பேர்லயும் வேலை ஏத்த மாட்டோம். முப்பது வேலையை ஒரே தட்டுல பிரிச்சாலும், அதுக்கு முன்னாடி ஆளாளுக்குப் போன் பண்ணிச் சம்மதம் வாங்கணும். சம்மதம் சொன்னா அது உபயம். சொல்லாம ஏத்தினா அது பெரட்டுதான், பெரியவங்க சொன்னது சரிதான்.

ரெண்டாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாற்று ஆள். தஞ்சைக் கல்வெட்டு கத்துக் கொடுத்தது. காய்ச்சல்ல கிடக்கிறவரை யாரும் எழுப்பி நிறுத்த வேண்டாம். மாற்று ஆளை யார்னு அவரே சொல்லட்டும்.

மூணாவது, முடிஞ்சதுன்னு குறி போடுறது வேலை செஞ்சவர் உரிமை. பொறுப்பாளர் எல்லாத்தையும் தேர்வு செஞ்சு மொத்தமா மூடக் கூடாது. அப்படி மூடினா எது உண்மையில முடிஞ்சது, எது முடியலன்னு யாருக்கும் தெரியாது. அன்னதானத்துக்கு உப்பு வரலைங்கிறது பந்தி உட்கார்ந்த பிறகுதான் தெரிய வரும்.

நாலாவது, அடுப்படி வேலையும் பாத்திரம் கழுவுறதும் கழிவறை சுத்தம் பண்றதும் பட்டியல்ல வரணும், செய்யறவங்க பேரோட. பெண்கள் பேர் “இன்னாரின் துணைவியார்”னு வராது. அவங்கவங்க சொந்தப் பேர்லயே வரும்.

அஞ்சாவது, எதையும் அழிக்கிறது இல்ல. திருவிழா முடிஞ்சதும் பட்டியலைப் பிரதி எடுத்து வச்சுட்டு, அடுத்த வருஷம் அதுல இருந்தே தொடங்குவோம். வர முடியாதவங்க பேர் பக்கத்துல காரணம் எழுதுவோம், பேரை எடுக்க மாட்டோம். காலமானவங்க பேரும் இருக்கும். அந்த வேலையை அவங்க பிள்ளைகளிடம் முதல்ல கேட்போம்.

கடைசியா, செயலி பார்க்கத் தெரியாத பெரியவங்களுக்காக வாரா வாரம் பட்டியலைப் பெரிய எழுத்துல அச்சடிச்சு ஆலய அறிவிப்புப் பலகையில ஒட்டுவோம். புலனக் குழுவுலயும் படமாப் போடுவோம். யார் வேணா வந்து தன் பேர் எங்கே இருக்குன்னு பார்த்துக்கலாம். செக்ரோலை யாரும் பார்க்க முடியாத காலம் போகட்டும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில, சாமி மேடைக்குப் பின்னால, அப்பா அம்மா வச்சிட்டுப் போன சாமான்கள்ல பழைய உபய நோட்டு, வரி ரசீது, திருவிழா அழைப்பிதழ், சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. படம் எடுத்து ஆலயத்துக்கு அனுப்புங்க, இல்லன்னா வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கையோட கொண்டு வாங்க. படம் எடுத்துட்டு அசலை அப்பவே உங்க கையில கொடுத்திடுவோம். அதுல இருக்கிற ஒவ்வொரு பேரையும் புதுப் பட்டியலோட பழைய பக்கத்துல ஏத்தப் போறோம்.

இந்த வருஷம் இன்னும் ஆள் தேவைப்படுற வேலைகள்: தண்ணீர்ப் பந்தல், கார் நிறுத்துமிடம், காய்கறி வெட்டுறது, மறுநாள் காலைச் சுத்தம். விருப்பம் உள்ளவங்க கீழே உங்க பேரையும், உங்களுக்கு மாற்றா ஒருத்தர் பேரையும் போடுங்க. நாங்க போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் ஏத்துவோம்.

அம்மன் அருளால் எல்லோரும் நலமுடன் வாழ்க.

ஆலயத் தொண்டூழியர் குழு